மஸ்லின்: பெயர் யாருக்கு, பாடு யாருக்கு?

நம் நாட்டில் ஒரு சொல்லுக்கு மூலம் கேட்டால் அகராதியைப் புரட்டிப் பார்க்கிற வழக்கம் குறைவு. அந்தச் சொல் வேறு எந்தச் சொல்லைப்போலக் காதில் விழுகிறதோ அதையே அதற்குத் தாயாக்கி, அந்தத் தாய்க்கு ஒரு தலபுராணமும் கட்டிவிடுவதுதான் வழக்கம். ஊர்ப் பெயருக்கும், ஆற்றின் பெயருக்கும், குளத்தின் பெயருக்கும் இப்படியே புராணம் செய்து பழகிப்போன நாக்கு, ஜவுளிக்கடையில் விற்கிற துணியின் பெயரையும் விட்டுவைக்கவில்லை. மஸ்லின் என்கிற மெல்லிய பருத்தித் துணியின் பெயரைப் பற்றி நம்மவர்கள் மேடையிலும் எழுத்திலும் சொல்லிவருகிற சங்கதிகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அவற்றைச் சற்று விசாரித்துப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

"துணியின் பெயர் எங்கிருந்து வந்தால் நமக்கென்ன? கிடைத்தால் கட்டுகிறோம், கிழிந்தால் தைக்கிறோம்" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் கிழிந்த வேஷ்டி ஒருவன் மானத்தைத்தான் வாங்கும். கிழிந்த நியாயமோ கேட்கிறவர் எல்லோருடைய புத்தியையும் வாங்கிவிடும். ஒரு துணியின் பெயர் விஷயத்தில் ஆதாரம் கேட்கப் பழகாதவன், தன் பிறப்பு விஷயத்திலும், தன் கூலி விஷயத்திலும் பிறர் சொன்னதையே நம்பிக்கொண்டு போவான். அன்றியும் இந்தப் பெயரை விசாரித்துக்கொண்டே போனால், துணியை நெய்தவன் யார், விற்றவன் யார், உடுத்தினவன் யார், பேர் தட்டிக்கொண்டவன் யார் என்கிற கணக்கும் கூடவே வெளிவருகிறது. அந்தக் கணக்குத்தான் நமக்கு முக்கியமானது.

முதலில், மஸ்லின் என்ற பெயருக்குச் சொல்லப்படுகிற மூலங்களைப் பார்ப்போம். மசூலிப்பட்டணத்தில் நெய்ததால் மஸ்லின் என்கிறார் ஒருவர். முஸ்லிம் அரசர்கள் உடுத்தினதால் மஸ்லின் என்கிறார் மற்றொருவர். "மெல்லிய" என்கிற தமிழ்ச் சொல்லே வெள்ளைக்காரன் வாயில் புகுந்து "மெஸ்லி" ஆகி "மஸ்லின்" ஆயிற்று என்று நாளைக்கு ஒரு புலவர் கிளம்பினாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். இவர்கள் எல்லோரிடத்திலும் உள்ள ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். அதாவது, இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் இருக்கின்றன என்பது.

இந்த ஆதாரத்தின் யோக்கியதையை அறிய ஒரு உதாரணம் சொல்லுகிறோம். நெசவாளி பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறான். காஞ்சீபுரம் நெசவுக்குப் பேர்போன ஊர். ஆகையால் கஞ்சி காய்ச்சின ஊரே காஞ்சி என்று ஒருவன் சொன்னால் அதை மறுக்க இந்தப் புலவர்களிடம் என்ன இருக்கிறது? ஓசையும் ஒத்திருக்கிறது, தொழிலும் ஒத்திருக்கிறது! இருந்தாலும் இது வெறும் வேடிக்கைதானே ஒழிய உண்மை அல்லவே. எதிர்வீட்டுக்காரன் மூக்கு நம் மூக்கைப்போல் இருந்துவிட்டால் அவன் நமக்குப் பங்காளி ஆகிவிடுவானா? பத்திரம் எங்கே, சாட்சி எங்கே என்று கேட்கமாட்டோமா? சொல்லுக்கும் அப்படித்தான். அது எந்தக் காலத்தில், யார் எழுத்தில், எந்தப் பொருளுக்கு வழங்கியது என்று படிப்படியாகக் காட்டினால்தான் அது சாட்சி.

அந்தப் படிகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்ப்போம். மஸ்லின் என்று நாம் சொல்லுவது இங்கிலீஷிலிருந்து வந்தது. இங்கிலீஷ்காரன் எழுத்தில் அது 17ஆம் நூற்றாண்டில் காணப்படுகிறது. அவன் அதைப் பிரெஞ்சுக்காரனுடைய "மூஸ்லீன்" என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டான். பிரெஞ்சுக்காரன் இத்தாலிக்காரனுடைய "முஸ்ஸொலினா"விலிருந்து எடுத்துக்கொண்டான். இத்தாலிக்காரன் "முஸ்ஸொலோ" என்றது மோசூல் நகரத்தை. அந்த நகரம் இன்று ஈராக் தேசத்தில், டைகிரிஸ் நதிக்கரையில், பழைய நினிவே நகரத்தின் இடிபாடுகளுக்கு எதிரே இருக்கிறது. அரபு மொழியில் அதன் பெயர் "அல் மௌசில்". சேருமிடம், இணைக்குமிடம் என்று அதற்குப் பொருள். பெயருக்கேற்றபடி அது பல தேசத்து வர்த்தகர்கள் வந்து கூடுகிற சந்தை நகரமாகவே நெடுங்காலம் இருந்தது.

சரி, மோசூலில் மெல்லிய பருத்தித் துணி நெய்தார்கள், அதனால் பேர் வந்தது என்று இத்துடன் முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் பிரயாணங்களைச் சொல்லி எழுதுவித்த புத்தகத்தில் மோசூலைப் பற்றிக் கூறுகிறார். அங்கே செய்யப்படுகிற பொன்னிழைத் துணிகளுக்கும் பட்டுத் துணிகளுக்கும் "மொசொலின்" என்று பெயர் என்பதே அவர் சொல்லுகிற சங்கதி. பருத்தி அல்ல, ஜரிகையும் பட்டும்! அதே மார்க்கோ போலோ தெலுங்குக் கடற்கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தை உடைய நாட்டைப் பற்றியும் பேசுகிறார். அது காகதீய அரசி ருத்ரமாதேவி ஆண்ட நாடு என்று சரித்திரக்காரர்கள் கொள்ளுகிறார்கள். அங்கே நெய்யப்படுகிற துணி சிலந்தி வலையைப்போல் இருக்கிறது என்று அவர் புகழ்கிறார். ஆனால் அதை மொசொலின் என்று அவர் சொல்லவில்லை. "பக்ரம்" என்ற சொல்லின் பழைய வடிவத்தால் குறிப்பிடுகிறார்.

வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மஸ்லின் என்ற பெயர் அப்போது இருந்தது. ஆனால் அது பொன்னிழைத் துணிக்குப் பெயர். சிலந்தி வலை போன்ற துணியும் அப்போது இருந்தது. ஆனால் அதற்கு வேறு பெயர். பிற்காலத்தில் ஒன்றின் பெயர் மற்றொன்றின் தலையில் ஏறிக்கொண்டது. மசூலிப்பட்டணத்துக்காக வாதாடுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? தெலுங்குக் கடற்கரைத் துணியால்தான் அந்தப் பேர் வந்தது என்றால், அந்தக் கடற்கரையின் துணியைப் புகழ்ந்து பேசின மனிதரே அந்தப் பேரை அதற்குக் கொடுக்காமல், மோசூல் ஜரிகைத் துணிக்குக் கொடுப்பானேன்?

ஆகவே மஸ்லின் என்ற பெயருக்குக் காரணமான ஊர் மோசூல். மஸ்லின் என்று உலகம் கொண்டாடின துணிக்குக் காரணமான நாடு வங்காளமும் இந்நாட்டின் மற்ற நெசவுப் பிரதேசங்களும். பெயர் ஒரு இடத்தில் பிறந்தது, பொருள் வேறு இடத்தில் பிறந்தது. பெயர் வாங்கினவன் வழியாக வந்தது, பொருள் செய்தவன் கையிலிருந்து வந்தது. வாங்குகிறவன் தான் எந்தச் சந்தையில் கண்டானோ அந்தச் சந்தையின் பெயரையே சரக்குக்கு வைக்கிறான். அதை நெய்தவன் பெயர் என்ன, அவன் ஊர் எது என்று கேட்டு வைப்பதில்லை.

இது மஸ்லினுக்கு மாத்திரம் நேர்ந்த கதியல்ல. கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் வாங்கின துணிக்கு "காலிகோ" என்று பெயர். டமாஸ்கஸ் நகரத்தின் பெயரால் "டமாஸ்க்". பிரான்ஸ் தேசத்துக் காம்ப்ரே ஊரின் பெயரால் "கேம்பிரிக்". சீனத்து நான்கிங் நகரத்தின் பெயரால் "நான்கீன்". பம்பாயில் டோங்கிரி என்ற பகுதியின் பெயரால் "டங்கரி". வெளிநாட்டுக்காரனைச் சொல்லுவானேன்? நம்முடைய பழந்தமிழிலேயே துணிக்குக் "கலிங்கம்" என்று ஒரு பெயர் உண்டே! கலிங்க நாட்டிலிருந்து வந்த துணியைப் பார்த்துக் கலிங்கம் என்றார்கள். பிறகு எந்த ஊரில் நெய்த துணியும் கலிங்கமாயிற்று. நாம் கலிங்கத்தானுக்குச் செய்ததைத்தான் இத்தாலிக்காரன் வங்காளத்தானுக்குச் செய்தான்.

எல்லாச் சொல்லுக்கும் மூலம் இப்படித் தெளிவாகக் கிடைத்துவிடும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. காயத்துக்குக் கட்டுகிற "காஸ்" துணி இருக்கிறதே, அதன் பெயர் பாலஸ்தீனத்துக் காஸா நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். பச்சைப் பட்டைக் குறிக்கிற "கஸ்" என்ற சொல்லிலிருந்து வந்தது என்று வேறொரு சாரார் சொல்லுகிறார்கள். அறிஞர்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை. முடிவு ஏற்படாததை முடிவு ஏற்படவில்லை என்று சொல்லுவதில் அவமானம் ஒன்றும் கிடையாது. இல்லாத முடிவை இருப்பதாகச் சொல்லுவதே அவமானம்.

அன்றியும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் ஆதிமுதல் அந்தம்வரை இருந்தே தீரவேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. மார்க்கோ போலோ சிலந்தி வலைக்கு ஒப்பிட்ட துணியின் பெயரான பக்ரம், இன்று தையற்கடையில் விறைப்புக்கு உள்ளே வைத்துத் தைக்கிற மொடமொடத்த துணிக்கும், புத்தக அட்டைக்கு ஒட்டுகிற முரட்டுத் துணிக்கும் பெயராக இருக்கிறது. மஸ்லின் என்றால் இங்கிலாந்தில் மெல்லிய துணி. அமெரிக்காவிலோ தையற்காரன் அளவு பார்க்க வெட்டுகிற சாதாரணக் கோராத் துணிக்கும் அதுதான் பெயர். அந்தக் கோராத் துணிக்கு இங்கிலாந்தில் காலிகோ என்று பெயர். அமெரிக்காவில் காலிகோ என்றால் பூப்போட்ட சீட்டித் துணி! மனிதன் வைத்த பெயரை மனிதன் மாற்றுகிறான், அவ்வளவுதான் சங்கதி. ஆதியில் ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள், ஆகையால் இன்றைக்கும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று மிரட்டுகிறவர்களுக்கு இந்தத் துணிக்கடையே போதுமான பதில்.

நிற்க, தமிழ்ப் பெருமை பேசுகிறவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வியாபாரம் செய்த ஒரு கிரேக்க மொழிக்காரர் எழுதி வைத்த "பெரிப்ளூஸ்" என்கிற கடல்வழிக் குறிப்பில், "அர்கரு" என்ற ஊரின் மெல்லிய துணி சொல்லப்படுகிறது. அர்கரு என்பது உறையூர்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் கொள்ளுகிறார்கள். கங்கைக் கரைத் துணியைப் பற்றியும், கிழக்குக் கடற்கரையில் "மசாலியா" என்ற பிரதேசத்துத் துணியைப் பற்றியும் அதில் இருக்கிறது. பொருநராற்றுப்படையிலும் மெல்லிய துணியைப் பாம்பின் உரிக்கு ஒப்பிட்டிருக்கிறது. ஆகவே இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னேயே நம் நாட்டில் மிக மெல்லிய துணி நெய்தார்கள், கடல் கடந்தும் அனுப்பினார்கள் என்பதில் சந்தேகமில்லை. அது நியாயமான பெருமைதான்.

ஆனால் அதோடு நிற்காமல், "பார், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னேயே மஸ்லின் என்று எழுதியிருக்கிறது, மசாலியாவும் இருக்கிறது" என்று சொல்லுவது புரட்டு. அந்தக் கிரேக்கர் எழுதின சொல் "சிந்தோன்". அதற்கு மஸ்லின் என்று எழுதினது 1912இல் அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். மொழிபெயர்ப்பாளன் மை இன்னும் காயாதிருக்கும்போதே அதை மூலநூலின் எழுத்து என்று காட்டினால், நேற்று எழுதின ஓலையைப் பிரம்மா எழுதினது என்று காட்டுகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? எதிரி செய்தால் புரட்டு, நாம் செய்தால் ஆராய்ச்சி என்பது பகுத்தறிவு ஆகாது. உறையூர்ச் சேணியனுக்கு உறையூர்த் துணியின் பெருமையே போதும். மோசூல்காரன் பெயரைத் திருடி அவனுக்குப் போர்த்தவேண்டிய அவசியமில்லை.

இன்னும் பார்க்கப்போனால், நம் மொழியில் உள்ள சில துணிப் பெயர்கள் இந்தச் சந்தைப் பெயர்களைவிட யோக்கியமானவை. "துணி" என்றால் வெட்டுவது. "அறுவை" என்றால் அறுக்கப்பட்டது. "துண்டு" என்பதும் அப்படியே. தறியில் நெய்து முடிந்ததும் அறுத்து எடுக்கிற வேலையிலிருந்து இந்தப் பெயர்கள் பிறந்திருக்கின்றன. விற்கிற சந்தையின் வாசனை அவற்றில் இல்லை. வேலை செய்கிற கையின் வாசனை இருக்கிறது. நாம் சர்வசாதாரணமாகச் சொல்லுகிற "மல்" வேஷ்டியில் உள்ள மல், வடக்கே மெல்லிய துணிக்கு வழங்கும் "மல்மல்" என்பதன் குறுக்கம். இதை மற்போருக்கும் மல்லிகைப் பூவுக்கும் முடிச்சுப் போட்டு யாராவது புராணம் செய்யுமுன் சொல்லி வைக்கிறோம்.

இனி, பெயரை விட்டுப் பொருளுக்கு வருவோம். மஸ்லினில் தலைசிறந்தது டாக்கா மஸ்லின். டாக்கா இன்றைக்கு வங்கதேசத்தின் தலைநகரம். மேக்னா ஆற்றங்கரையில் விளைந்த "புட்டி கார்ப்பாஸ்" என்கிற ஒரு ஜாதிப் பருத்தியிலிருந்து அந்த நூலை நூற்றார்கள். அந்தத் துணிகளுக்கு ஓடும் நீர், பனித்துளி, நெய்த காற்று என்று பொருள்படும் பார்சிப் பெயர்கள் இருந்தன. எவ்வளவு அழகான பெயர்கள்! ஆனால் இவையெல்லாம் யார் வைத்த பெயர்கள்? அரண்மனையில் சாய்ந்துகொண்டு உடுத்தினவர்கள் வைத்தவை. பனித்துளி என்று அவர்கள் பெயர் வைத்த துணிக்குப் பின்னால் வேறொரு பனி இருக்கிறது. அதைச் சொல்லுகிறோம்.

டாக்காவில் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தொழிலைப் பற்றி விவரமாக எழுதி வைத்திருக்கிறார். இந்த நூல் காற்றில் ஈரம் இருந்தால்தான் அறாமல் வரும். ஆகையால் நூற்கிற பெண்கள் விடியற்காலையில், பனி உலருவதற்கு முன் உட்கார்ந்து நூற்பார்கள். வெயில் ஏறினால் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் மறுபடியும் உட்காருவார்கள். காற்று காய்ந்துபோனால் தண்ணீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து நூற்பார்கள். பஞ்சைச் சுத்தம் செய்யச் சீப்பாக உதவினது ஒரு ஆற்று மீனின் தாடை எலும்பு. நூற்றவர்கள் பெரும்பாலும் பதினெட்டு முதல் முப்பது வயதுக்குட்பட்ட பெண்கள். முப்பதுக்குமேல் ஏன் இல்லை என்பதை அறிய சாஸ்திரம் படிக்கவேண்டியதில்லை. ஊசியில் நூல் கோக்கிற நம் வீட்டுக் கிழவியைக் கேட்டால் போதும்.

இந்தப் பெண்களின் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் ஒரு ராஜகுமாரியின் கதை மாத்திரம் எல்லோருக்கும் தெரியும். ஔரங்கசீப் தன் மகளைப் பார்த்து, உடம்பு தெரிய உடுத்தியிருக்கிறாயே என்று கோபித்தாராம். அவள் ஏழு சுற்றுச் சுற்றியிருக்கிறேன் என்றாளாம். முழுச் சேலையும் மோதிரத்துக்குள் நுழையும், தீப்பெட்டிக்குள் அடங்கும் என்கிற கதைகளும் அப்படியே. துணியின் மென்மையை அளக்க வழி இருக்கிறது: ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை, ஒரு கஜத்துக்கு எவ்வளவு எடை என்று எண்ணிச் சொல்லலாம். மோதிரம் அளவுகோல் ஆகாது. மெல்லிய பட்டுத் துணியும் மோதிரத்துக்குள் நுழையும். அற்புதம் அற்புதம் என்று வாயைப் பிளக்கிறவன், அந்த அற்புதத்தைச் செய்த கைக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேட்க மறந்துவிடுகிறான். எல்லா அற்புதக் கதைகளின் பிரயோஜனமும் இதுதான் போலும்!

அற்புதக் கதை போகட்டும், ஆத்திரக் கதைக்கு வருவோம். வெள்ளைக்காரன் டாக்கா நெசவாளிகளின் கட்டைவிரலை வெட்டிவிட்டான், அதனால்தான் மஸ்லின் அழிந்தது என்று பள்ளிக்கூடத்துப் பையன்வரை சொல்லுகிறார்கள். இதைக் கேட்டு ரத்தம் கொதிக்காதவர் இல்லை. ஆனால் கொதிக்கிற ரத்தத்தோடு கொஞ்சம் விசாரணையும் வேண்டும். இந்தப் பேச்சுக்கு வேராகக் காட்டப்படுகிற பழைய எழுத்து, வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772இல் வெளியிட்ட புத்தகம். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, அதனோடு சண்டையிட்டு, 1768இல் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். கம்பெனியின்மேல் குற்றம் சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. அப்பேர்ப்பட்டவர் எழுதியிருப்பது என்னவென்றால், கச்சாப் பட்டு நூல் சுற்றுகிற தொழிலாளிகள், தங்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிற கொடுமை தாங்காமல், தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு என்பதுதான்.

தோழர்களே, இதை ஆழ்ந்து யோசிக்கவேண்டும். பட்டு நூல் சுற்றுகிறவர்கள் மஸ்லின் நெசவாளிகள் ஆகிவிட்டார்கள். தாங்களே வெட்டிக்கொண்டது வெள்ளைக்காரன் வெட்டினதாக மாறிவிட்டது. கதை மாறினதால் கொடுமை பெரிதாயிற்றா, சிறிதாயிற்றா? சிறிதாயிற்று என்பதே நம் அபிப்பிராயம். ஒருவன் கத்தியை எடுத்து மற்றவன் விரலை வெட்டினான் என்றால் அது ஒரு முரடன் செய்த காரியம். அந்த முரடன் கப்பலேறிப் போய்விட்டால் கதை முடிந்தது. ஆனால் பிழைப்புக்கு ஆதாரமான தன் விரலை ஒருவன் தானே வெட்டிக்கொள்ளுகிறான் என்றால், அவனைச் சுற்றி எப்படிப்பட்ட ஏற்பாடு இருந்திருக்கவேண்டும்?

அந்த ஏற்பாட்டையும் போல்ட்ஸே எழுதியிருக்கிறார். நெசவாளிக்கு முன்பணத்தைத் திணித்துக் கையெழுத்து வாங்கிவிடுவது. பிறகு அவன் வேறு யாருக்கும் நெய்யக்கூடாது. துணிக்கு விலையைக் கம்பெனியின் ஏஜண்டே நிச்சயிப்பது. அந்த விலை சந்தை விலையைவிடக் குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து, சில இடங்களில் நூற்றுக்கு நாற்பதுகூடக் குறைவு என்கிறார். மறுத்தால் அபராதம், காவல், சவுக்கடி. இந்த ஏஜண்டுக்குப் பெயர் "கொமாஸ்தா". நம் ஊரில் குமாஸ்தா என்கிறோமே, அதே பார்சிச் சொல்தான். 1753இல் கம்பெனி வியாபாரிகளை விட்டுவிட்டு இந்தக் கொமாஸ்தாக்கள் மூலம் நேரில் வாங்க ஆரம்பித்தது. இவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினவர்கள் அல்ல, இந்த நாட்டார்தான். துணியைத் தரம் பார்த்து விலையைக் குறைத்தவனும் இந்த நாட்டான்தான். விரல் வெட்டின கதை இவர்களையெல்லாம் மெள்ளத் தப்பவைத்து விடுகிறது. கொள்ளை வெள்ளைக்காரனுடையது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு விளக்குப் பிடித்தவன் நம்மவன் என்பதை மறைக்கிற தேசபக்தி, நெசவாளிக்குப் பிரயோஜனப்படாத தேசபக்தி.

இனி யந்திரத்தின் பங்கையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் சாமுவேல் கிராம்டன் என்பவர் 1779இல் ஒரு நூற்பு யந்திரம் கண்டுபிடித்தார். அதுவரை அங்கே நூற்க முடியாதிருந்த மெல்லிய நூலை அது நூற்றதால் அதற்கு "மஸ்லின் ராட்டை" என்றே ஒரு பெயர் உண்டு. வங்காளத்துப் பெண்ணின் விரலுக்குப் போட்டியாக வந்தது அதுதான். கிராம்டனாவது கொழுத்தாரா என்றால் அதுவும் இல்லை. காப்புரிமை இல்லாததால் ஆலை முதலாளிகள் யந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். 1812இல் பார்லிமெண்டு அவருக்கு 5,000 பவுன் கொடுத்ததோடு சரி. ஆலைத்துணி வந்து குவிந்தது, அரண்மனைகள் வாங்குவதை நிறுத்தின, டாக்கா காலியாயிற்று. ஒன்றரை லட்சமாயிருந்த டாக்காவின் ஜனத்தொகை முப்பது, நாற்பது ஆயிரமாகக் குறைந்துவிட்டதாக 1840இல் சார்லஸ் டிரெவெலியன் என்ற உத்தியோகஸ்தரே பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சொல்லியிருக்கிறார். இத்தனை ஜனங்களை அப்புறப்படுத்த ஒரு கத்தியும் வேண்டியிருக்கவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது. முன்பணமும், விலைச் சீட்டும், போட்டியுமே போதுமானவையாக இருந்தன.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. டாக்காவின் பூவேலை மஸ்லினாகிய ஜாம்தானி நெசவை 2013இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2020இல் டாக்கா மஸ்லினுக்கு வங்கதேசம் புவிசார் குறியீடு வழங்கியது. நம் காஞ்சீபுரம் பட்டுக்கும் அத்தகைய குறியீடு உண்டு. இதன் அர்த்தம் என்ன? ஒரு காலத்தில் வியாபாரி தன் இஷ்டத்துக்கு வைத்த ஊர்ப்பெயர், இன்றைக்குச் சட்டம் காக்கிற சொத்தாகிவிட்டது. வேறு ஊரில் செய்த சரக்குக்கு அந்தப் பெயரை ஒட்டி விற்கக்கூடாது என்கிற அளவில் இது நல்ல ஏற்பாடு. மோசூல் பெயரில் வங்காளத்துணி விற்ற காலத்தைவிட இது முன்னேற்றம் என்பதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் நாம் கேட்கிற கேள்வி அப்படியே நிற்கிறது. பெயருக்கு விலை ஏறினால், ஏறின விலை யார் மடியில் விழுகிறது? பெயர் ஊருக்கு, லாபம் கடைக்கு, முதுகு வலியும் கண் நோவும் தறிக்குழியில் உட்கார்ந்தவனுக்கு என்றால், மோசூல் சந்தைக்காரன் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் எழுத்தில்தான் வித்தியாசம். பெயரைக் காப்பாற்றச் சட்டம் செய்த சர்க்கார்கள், அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதையும் கணக்கெழுதிக் காட்டட்டும். நெசவாளர் சங்கங்களில் இருக்கிற தோழர்கள் அந்தக் கணக்கைக் கேட்கட்டும்.

ஆகவே நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இரண்டு சங்கதி. ஒன்று, ஒரு சொல்லுக்கு மூலம் சொல்லுகிறவனிடம் ஓசையைக் கேட்காதீர்கள், சாட்சியைக் கேளுங்கள். சொல்லப்படுவது நம் ஊருக்குப் பெருமையாயிருந்தாலும் கேளுங்கள். நம் எதிரிக்கு இழிவாயிருந்தாலும் கேளுங்கள். நமக்குப் பிடிக்காத பொய்யை மறுப்பது யாராலும் முடியும். பிடித்த பொய்யை மறுப்பதற்குத்தான் அறிவு வேண்டும். மற்றொன்று, இனி எவராவது மோதிரத்துக்குள் நுழைந்த சேலையைப் பற்றி மேடையில் பேசினால், எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, அதை நூற்றவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?"